ஐசியில் இருக்கிற நாகமுத்து

“முனுசாமி, ஒம் மக ஆம்பளையாம்லா” என்று தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தங்கையா சொன்னதும் நான் சிரித்துவிட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவன் கிராணி முன்னால் சிரிக்கக்கூடாதுதான். ஆனால் அவர் சிரிக்கவில்லை.

என் மகள் நாகமுத்துவுக்குப் பதினெட்டு வயது. அந்த வருஷம் பெண்கள் கால்பந்துப் போட்டியில் மலாக்காவுக்கு ஆடிக்கொண்டிருந்தாள். அரைக்கால் சட்டை போட்டு ஓடுகிறாளே என்று லயத்து வீடுகளில் ஆளாளுக்குப் பேசினார்கள். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? இரண்டாவது ஆட்டத்தில் நாலு கோல் போட்டாள். தோற்ற குழு, ஆண்பிள்ளையை இறக்கிவிட்டார்கள் என்று புகார் கொடுத்துவிட்டது. அதிகாரிகள் அவளுடைய ஐசியை, அடையாளக் கார்டை, வாங்கிப் பார்த்தால், அதிலும் ஆண் என்றே இருந்தது. பத்து நாளில் சிரம்பானில் அரையிறுதி. அதற்குள் திருத்திக் கொண்டுவந்தால் ஆடலாம்.

தப்பு என்னுடையது. பன்னிரண்டு வயதில் ஐசி எடுக்கப் போனபோது, அம்மை இறங்கி அவளுக்கு மாரியம்மனுக்கு மொட்டை போட்டிருந்தோம். பெயரும் நாகமுத்து. எங்கள் வீட்டில் பெண்ணுக்கும் அந்தப் பெயர் வைப்போம்; மேசையில் இருந்த மலாய்க்காரருக்கு அது எப்படித் தெரியும்? மலாயில் ஏதோ கேட்டார். பக்கத்தில் துப்பாக்கியோடு ஆள் நின்றால் நமக்குத் தெரிந்த பதில் ஒன்றுதானே. “யா துவான்” என்று ஆமாம் போட்டேன்.

“கடுதாசி நான் எழுதித் தரேன். போலீஸ் ஸ்டேஷனுக்கு நீதான் போவணும்” என்றார் கிராணி. “ஆனா ஒண்ணு. இவ பொம்பளைன்னா, ஆறு வருஷமா கார்டுல இருந்த ஆம்பள எங்கன்னு கேப்பான். கம்யூனிஸ்ட்டோட காட்டுக்குள்ள போயிட்டானா, அவனுக்கு அரிசி குடுக்கறியாம்பான்.”

“அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்லீங்களே!”

“அத அவன்கிட்ட சொல்லு.”

கம்யூனிஸ்ட்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரன் எமர்ஜென்சி போட்ட வருஷம் என் தம்பி காளிமுத்துவைச் சும்மா விசாரிக்கத்தான் கூட்டிப்போனார்கள். பிறகு இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்டோம் என்றார்கள். இன்றுவரை ஒரு கடுதாசி இல்லை.

மூன்று தடவை சைக்கிளில் ஜாசின் டவுனுக்குப் போனேன். மூன்று தடவையும் ஸ்டேஷனுக்கு எதிர்க்கடையில் கோப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன். வாயிருந்தால் வங்காளம் போகலாமாம். எனக்கு அந்த ரோட்டைத் தாண்ட முடியவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் “ஆபீசர் இல்லம்மா” என்பேன். “சரிப்பா” என்பாள்.

பத்தாம் நாள் காலையில் நானும் அவளும் மரம் வெட்டிக்கொண்டிருந்தோம். தோட்டத்து ரோட்டில் அவள் குழுவின் லாரி வந்து நின்றது. “முத்து! கார்டு கெடைச்சிச்சாலா?” என்று கூட ஆடுகிற ஜெயா கத்தினாள். ஹாரன் அடித்தார்கள். அடுத்த மர நிரையில் இருந்த என் மகள் திரும்பவில்லை. லாரி போய்விட்டது.

“நாளைக்குக் கண்டிப்பா போய்க் கேக்கறேன்மா” என்றேன். வெட்கங்கெட்டவன் நான்.

“நீங்க உள்ளயே போவலன்னு தெரியும்ப்பா. கோப்பிக்கட மணியம் மாமா மொத நாளே சொல்லிட்டாரு.”

மரத்தின் வெட்டுக்காயத்தில் காய்ந்திருந்த ஒட்டுப்பாலை உரித்தாள். உள்ளங்கையில் வைத்து உருட்டி உருட்டி உருண்டையாக்கினாள். கூடையில் போட்டுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனாள்.