ஆள் வேண்டாத தொழில்

சனிக்கிழமை காலையில் என் தோசைத் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர்ச் சொம்பின்மேல் போனைச் சாய்த்து வைத்து, "இதெ ஒரு நிமிசம் பாரு பிரதீபா, அப்பறமாப் பேசு" என்றார் என் வீட்டுக்காரர். பூபதிராஜாவுக்கு மாந்தோப்புதான் தொழில், ஆனால் ஆறு மாதமாகப் போன்தான் குலதெய்வம். ஒரு வீடியோ: இங்கிலாந்தில் ஏதோ ஒரு ஊர். இரண்டு ஓரத்திலும் கார்களை நிறுத்தி வைத்திருக்கும் ஒடுக்கமான தெரு. டிரைவர் சீட்டில் யாருமே இல்லாத ஒரு கார் போகிறது. பின்சீட்டில் மூன்று பேர், அந்தக் காரைச் செய்த கம்பெனியில் பெரும்பணம் போட வந்தவர்கள். எதிரே ஒரு வெள்ளை வேன் வருகிறது. கார் நிற்கிறது. வேனும் நிற்கிறது. இப்படியே இரண்டு நிமிடம் நாற்பது நொடி. பின்சீட்டில் இருந்த நரைத்த தலைக்காரர் ஆங்கிலத்தில் சொன்னதை, கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் தன் சேனலில் தமிழாக்கிக் கீழே எழுதியிருந்தார்: எந்த மனிதனுக்கும் இந்தப் பொறுமை வராது, இயந்திரத்துக்குத்தான் வரும்.

அந்த இயந்திரம் நான்தான்.

விவரமாகச் சொல்கிறேன். எங்கள் ஆபீஸ் கொல்லங்கோட்டில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. டேட்டா சர்வீஸ் என்று மட்டும் போட்ட பலகை, இருபத்தாறு பேர், எந்நேரமும் பூச்சிமருந்து வாடை. கார் தானாக ஓடுகிறது என்பது பொய்யில்லை. குழப்பம் வரும்போது மட்டும் எங்களைக் கேட்கும். ரோட்டில் கிடப்பது காகிதப் பையா கல்லா, முன்னால் நிற்கும் குப்பை வண்டி இப்போது நகருமா நகராதா என்று படத்தோடு கேள்வி வரும். போ, நில், சுற்றிப் போ. மூன்றில் ஒன்றை ஆறு நொடிக்குள் அமுக்க வேண்டும். பகல் பன்னிரண்டிலிருந்து இரவு எட்டு வரை வேலை. அவர்களுக்கு அது காலையும் மதியமும். நம்மைப் போலவே அவர்களும் இடதுபுறம் ஓட்டுகிறவர்கள் என்பதால்தான் எங்களைத் தேடிப் பிடித்தார்களாம். சேரும்போது பன்னிரண்டு பக்கத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எந்தக் கம்பெனிக்காக வேலை பார்க்கிறோம் என்று கட்டின புருஷனிடம்கூடச் சொல்லக் கூடாது. மேப் வேலை என்று வீட்டில் சொல்லி வைத்தேன். இரண்டு வருடமாக அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வியாழக்கிழமை மதியம் அந்தக் கேள்வி என் திரைக்குத்தான் வந்தது. எதிரே வேன், வழி ஒரு வண்டிக்குத்தான் இருக்கிறது, போகலாமா? நான் போ என்று அமுக்கப் போகும் நேரத்தில் வேன்காரன் இரண்டு தடவை லைட்டை அடித்தான். எங்கள் முதலமடைச் சாலையில் மாங்காய் லாரிகளுக்கு நடுவே பத்து வருடம் ஸ்கூட்டர் ஓட்டியவள் நான். எதிரே வருகிறவன் லைட்டை அடித்தால் என்ன அர்த்தம்? நான் வருகிறேன், உயிர்மேல் ஆசை இருந்தால் ஒதுங்கு என்று அர்த்தம். நில் என்று அமுக்கினேன். அவன் வரவில்லை. கார் மறுபடி கேட்டது. அவன் மறுபடி அடித்தான். என்ன திமிர் பார் என்று நினைத்துக்கொண்டு மறுபடி நில். ஏழு தடவை. கடைசியில் அவன் வேனை விட்டு இறங்கி வந்து இரண்டு கையையும் விரித்து ஏதோ கத்தினான்.

எங்கள் டீம் லீடர் ஜோமோன் பீர்மேட்டுப் பையன். தேயிலை எஸ்டேட் லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்தவன், சாதாரணமாகக் குரலை உயர்த்த மாட்டான். அன்று ஓடி வந்தான். "ஏக்கா, என்னக்கா பண்ணீட்டீங்க! அங்கன லைட்டு அடிச்சா, நீ மொதல்ல போன்னு மரியாதைக்குச் சொல்லுறதாம். ஏழு தடவ சொல்லியிருக்கான் அந்த மனுசன்" என்றான். இப்படியும் ஓர் ஊர் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? பயிற்சியில் அணில் படம் காட்டினார்கள், நரி படம் காட்டினார்கள், இதைச் சொல்லவில்லை. என் பெயருக்கு நேரே ஒரு சிவப்புக் குறி விழுந்தது. பணம் போடுகிறவர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள் என்பதே சனிக்கிழமை தோசை சாப்பிடும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பாத்தியா? ரெண்டு நாள்ல பங்கு வெலை எட்டு சதமானம் ஏறியிருக்குது" என்றார் அவர். "காரணம் என்னன்னு சொல்லு? ஆளே வேண்டாத தொழிலு. நம்ம மாங்காய எடுத்துக்க. பூவுக்கு மருந்தடிக்க ஆளு, காவலுக்கு ஆளு, பறிக்க ஆளு. காலைல வர்றேன்னு சொல்லுவான், போன அணைச்சுப் போடுவான். இங்க அந்த அக்கப்போரே இல்ல. கூலி இல்ல, லீவு இல்ல, சம்பளம் ஏத்துன்னு நிக்க மாட்டான்."

பறிக்கும் ஆட்களிடம் அவர் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். அதனால் அந்த ஆசை எனக்குப் புரிகிறது. அந்த நரைத்த தலைக்காரருக்கும் இதே ஆசைதான் என்று தோன்றியது. ஒருவர் லண்டனில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஆசைப்படுகிறார், ஒருவர் முதலமடையில் லுங்கி கட்டிக்கொண்டு ஆசைப்படுகிறார். அதோடு நின்றிருந்தால் நான் தட்டைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குப் போயிருப்பேன். அவர் நிற்கவில்லை. வடக்குத் தோட்டத்தைப் பக்கத்துக் காட்டுச் சென்னியப்பனுக்கு விலை பேசிவிட்டாராம். திங்கட்கிழமை பத்திரம். வரும் பணம் மொத்தமும் இந்தக் கம்பெனியின் பங்குக்கு.

வடக்குத் தோட்டம் இரண்டு ஏக்கர். என் நகைகளை விற்று வாங்கியது, பத்திரத்தில் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. ஒன்பது வருடம் தண்ணீர் லாரி விட்டு வளர்த்த பங்கனப்பள்ளி மரங்கள், இந்த வருடம்தான் கிளை தாழக் காய்த்தன. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துக்கு மட்டும் நான் வேண்டும். எனக்கு வந்த ஆத்திரத்தில் தோசைக்கல்லை எடுத்து அந்தப் போன்மேல் போட்டிருக்கலாம்.

"ஏனுங்க, உள்ளுக்குள்ள எங்கியாச்சும் ஆளு இருந்தா?" என்று மட்டும் கேட்டேன்.

"கம்பெனிக்காரனே சொல்றான், வண்டியே தீர்மானிக்குதுன்னு. உனக்கு அவனவிட அதிகமாத் தெரியுமாக்கும்?"

ஞாயிற்றுக்கிழமை ஜோமோனுக்குப் போன் போட்டேன். சர்ச் முடிந்து வந்துகொண்டிருந்தான். தோட்டம் விற்கப் போவதையும், வீட்டுக்காரரிடம் உண்மையைச் சொல்லிவிட நினைப்பதையும் சொன்னேன். "சொல்லிராதீங்கக்கா. அண்ணன் ஒரு ஆளுகிட்டச் சொன்னா நாளைக்கு அது அந்த யூட்யூப்காரன் காதுல விழும். நம்ம இருபத்தாறு பேரு சோத்துலயும் மண்ணு விழும். எங்கம்மா இப்பத்தான் கொழுந்து கிள்ளுறத நிறுத்தியிருக்கு" என்றான். பிறகு அவனே, "ஆனா தோட்டம் போயிருமேக்கா" என்றான்.

இருபத்தாறு பேரின் சோற்றை ஒரு பக்கமும் அறுபது மரத்தை ஒரு பக்கமும் வைத்து நாள் முழுக்கக் குமைந்தேன். சாயங்காலம் அவர் சென்னியப்பனிடம் போனில், சாட்சிக்கு யாரைக் கூப்பிடலாம் என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டதும் என் பொறுமை அறுந்தது. அவர் பேசி முடிக்கும்வரை நின்றேன்.

"அந்தக் காரை நிறுத்துனது நானுங்க" என்றேன்.

"எந்தக் காரை?"

"நீங்க காட்டுன காரை. ஏழு தடவ நானுதான் நிறுத்துனேன். வேன்காரன் லைட்டு அடிச்சது எனக்குப் புரியலீங்க."

பன்னிரண்டு பக்கக் கையெழுத்தையும் மீறி எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணை விரித்துக் கேட்டார். கோபப்படுவார், அல்லது பயப்படுவார் என்று எதிர்பார்த்தேன். சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"நீ? எச் போடச் சொன்னப்ப மூணு தடவ கம்பியச் சாச்சவ நீ! பாலக்காட்டுல உனக்கு லைசென்ஸே குடுக்கல. உன்னைய நம்பி வெள்ளைக்காரன் காரை உடறானா? தோட்டத்த விக்கப் புடிக்கலீன்னா நேராச் சொல்லு அம்முணி. இப்படிக் கதை கட்டாத."

கார் லைசென்ஸ் கிடைக்காதது உண்மை. டிரைவிங் டெஸ்டில் நட்டு வைத்த கம்பிகளுக்கு நடுவே எச் எழுத்துப் போல முன்னும் பின்னும் ஓட்டிக் காட்ட வேண்டும். பின்னால் எடுக்கும்போது ஒவ்வொரு தடவையும் எங்காவது இடித்துவிடுவேன். இந்த வேலைக்குச் சேரும்போது லைசென்ஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. அதையும் சொன்னேன். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார். கேட்பவன் கேனயனாக இருந்தால் கேப்பையில் நெய் வடிகிறது என்பானாம். இங்கே கேப்பையில் கேப்பைதான் இருக்கிறது என்று சொன்னால் நம்ப ஆளில்லை.

திங்கட்கிழமை காலையில், கையெழுத்துப் போட வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன். பஸ்ஸில் போகும்போது அழுகை வந்தது. தோட்டத்துக்காக அல்ல. இரண்டு வருடமாக ஒரு நாளைக்கு நானூறு தடவை, யாரோ ஒருவரின் குழந்தை சைக்கிளில் குறுக்கே வரும்போது நில் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது நான் இல்லையாம். கம்பெனிக்காரன் அதைச் சொல்லட்டும், அவனுக்குக் காசு. இவருக்கு என்ன?

இரண்டரை மணிக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நடை யாருடையது என்று எனக்குத் தெரியும். வாட்ச்மேன் மொக்கையன் டீ குடிக்கப் போயிருந்தான். ஜோமோன் கதவை மறித்துக்கொண்டு, "அண்ணே, உள்ள வரக் கூடாதுண்ணே, மேல கேமரா இருக்குண்ணே" என்று கெஞ்சினான். அவனைத் தோளால் ஒதுக்கிவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, பத்திரத்துக்கென்று உடுத்தியது.

"சென்னியப்பன் ரெண்டு சாட்சியோட உக்காந்திருக்கறாரு. மானம் போகுது. எந்திரி."

"சிப்டு முடியாம எந்திரிக்க மாட்டேனுங்க."

"எந்திரீங்கறேன்…"

என் திரையில் மணி அடித்தது. மழை பெய்யும் ஒரு தெரு, வெள்ளைக்கோடு போட்ட ரோட்டோரத்தில் குடை பிடித்த ஒரு பெண்மணி, கையில் ஊன்றுகோல். குடை முகத்தை மறைத்திருந்தது. கார் ஊர்ந்துகொண்டே கேட்டது: கடக்கப் போகிறாரா, சும்மா நிற்கிறாரா? போகலாமா? மூலையில் ஆறு என்ற எண் ஐந்தாயிற்று. நான் குடையின் கீழே தெரிந்த கால்களைப் பார்த்தேன். எண் நான்காயிற்று. முதுகுக்குப் பின்னால் அவர் பேச்சு நின்றிருந்தது. ஊன்றுகோல் லேசாக முன்னால் நகர்ந்தது.

"நில்லு! நில்லு! அவிய எறங்கறாங்க!" என்று அவர் கத்தினார். என் நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்துப் பின்னால் இழுத்தார், வண்டியையே இழுக்கிறவர் மாதிரி. நான் எட்டி, நில் என்று அமுக்கினேன்.

ஆடிக்கொண்டிருந்த படம் அசையாமல் நின்றது. அந்தப் பெண்மணி மெதுவாக ரோட்டில் இறங்கினார். பாதி வழியில் நின்று குடையைச் சற்றுத் தூக்கி எங்கள் பக்கம் திரும்பினார். எழுபது வயதுக்கு மேல் இருக்கும். டிரைவர் சீட்டில் ஆளில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஒரு கணம் முகம் தடுமாறியது. ஆனாலும் ஊன்றுகோலோடு சேர்த்துக் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டு நடந்தார்.

ஜோமோன் மேலே கேமராவைப் பார்த்தபடி நின்றான். நான் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் திரையைப் பார்த்துக் கையை உயர்த்தியிருந்தார். அந்தப் பெண்மணி எதிர்ப் பக்கம் ஏறிய பிறகும் அவர் கையை இறக்கவில்லை. அந்தக் கையில் இருந்த போனில் சென்னியப்பன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.