முழங்கால் உயர மக்காச்சோளம்

நபலாயோ வாயைத் திறந்தால் பெய்கிற மழைகூட நின்று கேட்கும் என்று எங்கள் மகளிர் குழுவில் கேலி செய்வோம். மண்ணில் கரி போட்டு மக்காச்சோளம் வளர்க்கும் பயிற்சிக்குக் குழுவுக்கு ஒருத்தி வரலாம் என்றபோது அதனால்தான் அவளை அனுப்பினோம். திரும்பி வந்து அரை நாள் பாடம் எடுத்தாள். தட்டையையும் சக்கையையும் குழியில் மூட்டி, சாம்பலாவதற்குள் தண்ணீர் ஊற்றி அணைத்து, கரியை நுணுக்கி, அடியுரத்தோடு சேர்த்து விதைக்குழியில் போட வேண்டுமாம். போட்டோம். நான் மட்டும் பாதிக் காட்டுக்குத்தான் போட்டேன். எனக்கு யாரையும் முழுசாக நம்பிப் பழக்கமில்லை.

மழை ஏமாற்றவில்லை. ஆனாலும் கரி போட்ட பாதி முழங்காலோடு நின்று மஞ்சளடித்தது. போடாத பாதி ஆளை மறைத்தது. மற்ற பெண்களோ முழுக் காட்டுக்கும் போட்டிருந்தார்கள். வருஷம் முழுக்க உகாலிக் களி கிண்டுவது அந்த மக்காச்சோள மாவில்தான். மேலுரம் வைக்கலாமா என்று கேட்டால் நபலாயோ விடவில்லை.

"கரி மெதுவாத்தான்டி வேலை செய்யும். உரத்தைக் கொட்டி வீணாக்காதீங்க."

"பயிற்சி குடுத்தவரைக் கூப்பிட்டுக் காட்டலாம்ல?" என்றேன்.

"எதுக்கு? அவர் சொன்னது பூரா எனக்கு மனப்பாடம்."

எனக்கு ஆத்திரம் பற்றிக்கொண்டு வந்தது. அவளிடம் சொல்லாமல், பயிற்சி நடத்திய வேளாண் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மறுநாள் குழுவே என் காட்டில் கூடியிருந்தபோது மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. இறங்கியவன் மகோகா. நபலாயோவின் மகளைப் போன வருஷம் கட்டியவன்.

எங்கள் புக்குசு மக்களில் மாமியாரும் மருமகனும் நேருக்கு நேர் நிற்கக் கூடாது. பாதையில் எதிர்ப்பட்டாலே ஒருவர் புதருக்குள் இறங்கிவிட வேண்டும். நபலாயோ துணியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு கிடைத்த பக்கம் பாய்ந்தாள். பாய்ந்தது கரி போட்ட பாதிக்குள். குந்தினாள், இன்னும் குனிந்தாள். அப்படியும் முதுகு மஞ்சள் தோகைக்கு மேலே பளிச்சென்று தெரிந்தது. பெண்கள் சிரித்தார்கள். நானும்தான்.

மகோகா சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டான். வேலியைப் பார்த்தபடியே கேட்டான்.

"கரியை மாட்டு மூத்திரத்துல ஊற வச்சீங்களா?"

நபலாயோ அப்படி ஒன்றை எங்களுக்குச் சொன்னதே இல்லை.

"வெறும் கரி பசியோட இருக்கும்க்கா. ஊற வைக்காமப் போட்டா, நீங்க போட்ட உரத்தைப் பயிருக்கு விடாம அதுவே தின்னுரும். இதைத்தானே பயிற்சியில திரும்பத் திரும்பச் சொன்னேன்?"

சிரிப்பு நின்றுபோனது. எல்லோரும் நபலாயோவின் முதுகையே பார்த்தோம்.

"நான் கேக்கல மாப்பிள்ளை," என்றாள் நபலாயோ, தரையைப் பார்த்தபடியே. "பயிற்சிக்கு நீங்க வந்து நின்னதுமே எந்திரிச்சு ஓடிட்டேன். சமையல் கொட்டகைக்குப் பின்னாடி ஒளிஞ்சு நின்னு கேட்டேன். தகரத்துல மழை கொட்டுச்சு, பாதி காதுல விழல. விழுந்ததை வச்சு இவங்களுக்குச் சொல்லிட்டேன்."

"அதை வந்து சொல்றதுக்கென்னடி கேடு?" நமால்வா கத்தினாள். அவள் வீட்டில் சாப்பிடும் வாய்கள் அதிகம். "மேலுரத்தையும் வைக்க விடாம வாயடிச்சியே!"

நபலாயோ தலைத் துணியை இன்னும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னிக்கே மேலுரம் வைங்க. பாதியாவது தேறும்," என்றான் மகோகா. திரும்பிப் பார்க்காமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

பெண்கள் உரத்துக்கு ஓடினார்கள். நான் மட்டும் அங்கேயே நின்றேன். மருமகன் முன்னால் அவளை அப்படிக் குந்த வைத்தவள் நான். பக்கத்தில் என் கரியில்லாத பாதி கருகருவென்று வளர்ந்து நின்றது. அதைப் பார்க்கவே கூசியது.

"எந்திரி, அவர் போயிட்டார்," என்றேன்.

அவள் தலைத் துணியை விலக்கவில்லை.

"நமால்வா போயிட்டாளா?" என்று கேட்டாள்.