இடம் மாறிய பெரிய மரம்

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மூடுபனி கடலிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதே, வெர்னா ஹல்ஸ்ட்ரம் அந்தப் பலகையைப் பிடுங்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். "பெரிய மரம்" என்று எழுதி அம்புக்குறி போட்ட பலகை.

மரம் அறுக்கும் ஆலை நடத்திய எல்மோ பெட்ரோட்டி, தனக்கு மிஞ்சியிருந்த பதினெட்டு ஏக்கர் காட்டை, வானை முட்டும் ரெட்வுட் மரங்கள் நிறைந்த காட்டை, ஊர்க் காட்டுச் சங்கத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தார். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்பது அவர் போட்ட ஒரே நிபந்தனை. காட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை வெர்னாவுக்கு.

யாரோ ஒரு புண்ணியவான் பெரிய மரத்தைப் படம்பிடித்து இணையத்தில் போட, கூட்டம் குவிந்துவிட்டது. ரெட்வுட்டின் வேர் ஆழமாக இறங்காது, மேலாகத்தான் படரும். மிதித்து மிதித்து மண் சிமெண்டுத் தரையாக இறுகி, மரத்தின் உச்சி பழுப்பேறத் தொடங்கியது. வெர்னா கயிறு கட்டினாள், தாண்டிப் போனார்கள். "தாண்டாதீர்கள்" என்று எழுதி வைத்தாள். தாண்டும் எண்ணமே இல்லாதவர்களும் தாண்டினார்கள்.

அதனால்தான் இந்த வேலை. கார் நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில், அந்தக் காலத்து லாரிப் பாதையோரம், சுமாரான மரம் ஒன்று நின்றது. நூறு வருஷ மிதியைத் தாங்கிய மரம். பலகையை அங்கே நட்டாள். பெரிய மரத்துக்குப் போகும் பாதையை, விழுந்து கிடந்த கிளைகளை இழுத்துப் போட்டு மறைத்தாள்.

பத்தே நாளில் ஒரு அம்மாள் அந்தச் சுமார் மரத்தைக் கட்டிப்பிடித்து அழுதாள். இந்தக் கடலோரத்திலேயே இதுதான் பெரிசு என்று ஒருவர் தன் மச்சானிடம் சண்டை போட்டார். வெர்னா சிரிப்பை அடக்கப் பழகிக்கொண்டாள்.

அந்தச் சிரிப்பு சங்கத் தலைவர் க்ளேட்டனின் அறிவிப்போடு நின்றது. ஞாயிறு விழா. பெரிய மரத்தடியில் எல்மோவுக்குப் பாராட்டு. க்ளேட்டனுக்கு மரம் எதுவென்று தெரியாது. எல்மோவுக்கோ ஒவ்வொரு மரமும் அத்துப்படி.

ஞாயிறன்று எல்மோ கைத்தடியோடும் மனைவி நோரீனோடும் வந்தார். மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"இதுவா?"

"இதேதாங்க!" என்றார் க்ளேட்டன் பெருமையாக.

எல்மோவின் பார்வை வெர்னா பக்கம் திரும்பியது. அவள் தன் காலடியில் ஊர்ந்த மஞ்சள் நத்தையை, பிறந்ததிலிருந்து நத்தையே காணாதவள்போல ஆராய்ந்துகொண்டிருந்தாள்.

எல்மோ தொண்டையைச் செருமினார். "எங்க தாத்தா கோடாலியோட வந்தாரு. இதப் பாத்ததும் அப்படியே கீழ போட்டுட்டாரு."

கூட்டம் உருகியது. அவருக்குத் தைரியம் கூடிவிட்டது. "நோரீன்கிட்ட என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டதும் இதுக்கடியிலதான்."

"தூண்டில் புழு விக்கிற கடையில கேட்ட," என்றாள் நோரீன் சத்தமாக. "கையில புழு டப்பா வேற."

"பாவம், அவளுக்கு ஞாபகம் தப்புது."

"யாருக்கு? வீட்டுக்கு வா, சொல்றேன்."

க்ளேட்டன் எல்லாவற்றையும் பயபக்தியோடு குறித்துக்கொண்டார்.

கூட்டம் கேக்கைத் தேடிப் போனதும் எல்மோ வெர்னாவை ஓரங்கட்டினார். "ஏ பொண்ணு, என் மரத்த எங்க ஒளிச்சு வச்சிருக்க?"

வெர்னா ஒன்று விடாமல் சொன்னாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள்.

"செஞ்சது சரிதான். ஆனா போயும் போயும் இதையா புடிச்ச? உள்ள இழையெல்லாம் முறுக்கிக்கிட்டு நிக்குது, பலகைக்குக்கூட ஆகாதுன்னு நான் வெட்டாம விட்ட சனியன் இது!"

இருவரும் கிளைகளை விலக்கிக்கொண்டு உள்ளே நடந்தார்கள். பெரிய மரத்தைக் கண்டதும் எல்மோ நடையை எட்டிப் போட்டார். பிறகு கைத்தடியை நீட்டி ஒரு காலைக் கயிற்றுக்கு மேல் தூக்கினார். வெர்னா அவர் முழங்கையைப் பிடித்தாள்.

"நீங்களும் இந்தப் பக்கந்தான்."

"யம்மா, இது நான் குடுத்த காடு!"

"குடுத்துட்டீங்கல்ல?"

அவர் முறைத்தார். தூக்கிய கால் கொஞ்ச நேரம் அந்தரத்திலேயே நின்றது. பிறகு முனகிக்கொண்டே அதைக் கீழே வைத்து, ஈரப் பெரணிச் செடிகளுக்கு நடுவே ஒரு கட்டைமேல் உட்கார்ந்தார். வெர்னாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நோரீன் வந்து கூப்பிடும்வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.

அடுத்த மழைக்காலம் முடிந்தபோது சிமெண்டாய் இறுகிக் கிடந்த பெரிய மரத்தடி மண்ணில் வெர்னாவின் விரல் முழுதாக இறங்கியது. பலகை இடம் மாறிய கதையை க்ளேட்டனிடம் அவள் இன்னும் சொல்லவில்லை.