பத்தொன்பது ஓட்டு வித்தியாசம்

சட்டமன்றத்தில் பேசுகிறவர் பெயர் மறுநாள் பேப்பரில் வரும். அதை உட்கார்ந்து எழுதுகிறவர் பெயர் எங்கேயும் வராது. முப்பத்தோரு வருஷம் அப்படி எழுதியே ஓய்வு பெற்றவள்தான் சுருக்கக்கா. சுருக்கெழுத்து நிருபர் என்பது உத்தியோகம். பேச்சும் சுருக்கு, சிரிப்பும் சுருக்கு என்பதால் அலுவலகம் வைத்த பெயர் சுருக்கக்கா. அறுபத்தொரு வயதில் அவளைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு மேஜையும் மின்விசிறியும் கொடுத்திருந்தார்கள். இதுவரை சபையில் இருந்த உறுப்பினர் எல்லோருடைய வாழ்க்கைக் குறிப்பையும் தொகுத்துப் புத்தகமாகப் போடவேண்டும். ஆளுக்கு அரைப் பக்கம்.

அரைப் பக்கத்தில் அடங்குகிறவர்களா அவர்கள்? ஒருவர் ஆறு பக்கம் அனுப்பினார், அதில் மூன்று பக்கம் அவர் திறந்துவைத்த கட்டடங்கள். தொழில் என்ற இடத்தில் பாதிப்பேர் சமூக சேவை என்று கூசாமல் எழுதியிருந்தார்கள். ஒருவர் கொடுத்த பிறந்த தேதிப்படி பார்த்தால் முதல் தேர்தலில் நின்றபோது அவருக்கு வயது பதினேழு. அக்கா முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் எல்லாவற்றையும் வெட்டி, அரைப் பக்கத்துக்குள் அடக்கி, திருத்தம் இருந்தால் பத்து நாளுக்குள் நேரிலோ தபாலிலோ தெரிவிக்கவும் என்ற கடிதத்தோடு அனுப்பிக்கொண்டிருந்தாள். இருநூறு பேருக்குமேல் போய்விட்டது. ஒரே ஒரு தாள் மட்டும் மூன்று வாரமாக அவள் இழுப்பறையில் கிடந்தது.

அது சர்வேயருடைய தாள். அவரும் எம்.எல்.ஏ.வாகத்தான் இருந்தார், ஆனாலும் சபையில் எல்லோருக்கும் அவர் சர்வேயர்தான். அரசாங்கத்தில் நில அளவையாளராக இருந்தபோது தன் ஊர் ஆற்றுக்குப் பாலம் கட்டுவதற்காக மூன்று தடவை ஆற்றை அளந்து கொடுத்தார். மூன்று தடவையும் கோப்பு தூங்கியது. நாலாவது தடவை அளக்கச் சொன்னபோது அளவுச் சங்கிலியைக் கீழே போட்டுவிட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்து, சுயேச்சையாகத் தேர்தலில் நின்றார். டெபாசிட் போனது. அடுத்த தேர்தலில் தொண்ணூற்றொரு ஓட்டில் ஜெயித்தார். அந்தத் தொண்ணூற்றொரு பேரையும் தனக்கு முகம் தெரியும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். மூன்றாம் தேர்தலில் நாலாயிரம், நாலாவதில் பன்னிரண்டாயிரம். ஐந்தாவதில் இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றார். ஆறாவதில் ஆறாயிரத்தில் தோற்று, நிற்பதையே விட்டுவிட்டார்.

இதை எழுத எந்தக் கோப்பையும் அக்கா புரட்டத் தேவையில்லை. எல்லாம் தலைகீழ்ப் பாடம். பிறகு ஏன் மூன்று வாரம் என்றால், ஒரு மனுஷியைப் பயம் பிடித்து ஆட்டினால் மூன்று வாரம் என்ன, எட்டு வருஷம் ஆகும். அவளுக்கு எட்டு வருஷம் ஆகியிருந்தது.

சபையின் வழக்கத்தைக் கொஞ்சம் சொல்லியாகவேண்டும். உறுப்பினர் பேசியதைத் தட்டச்சு செய்து, அச்சுக்குப் போகுமுன் அவருக்கே ஒரு படி அனுப்புவார்கள். பிழை இருந்தால் இரண்டு நாளுக்குள் திருத்தலாம். திருத்துகிறவர் எத்தனை பேர்? உதவியாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்புவார், அவ்வளவுதான். சர்வேயர் மட்டும் தாளைக் கையில் எடுத்துக்கொண்டு நிருபர்கள் அறைக்கு நேரிலேயே வருவார். முதல் பேச்சில் ஆற்றின் அகலம் முந்நூற்று நாற்பது மீட்டர் என்று சொன்னதை அக்கா கைதவறி நானூற்று முப்பது என்று எழுதிவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. எதிரே மர நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு கரையில் நின்றுகொண்டே மறுகரையை எப்படி அளப்பது என்று தாளின் பின்பக்கம் படம் போட்டுச் சொன்னார். நாற்பது நிமிஷம். ஜன்னல் வழியாக வந்த வெயில் மேஜையைக் கடந்து தரைக்கு இறங்கியிருந்தது. அக்காவுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டு மாடி அறையில் இருந்தாள். ஒரு ஆண்பிள்ளை அவளிடம் நாற்பது நிமிஷம் அவசரமில்லாமல் பேசியது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது பேச்சை ஒரு புள்ளி பிசகாமல் எழுதிக் கொடுத்தாள். அவர் வந்தார், படித்தார், சரியாக இருக்கிறது என்றார், கையெழுத்துப் போட்டார், போய்விட்டார். நாலு நிமிஷம். அன்றைக்கு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சரியாக வேலை பார்த்ததற்கு ஒருத்தி அழுதாள் என்றால் யாராவது நம்புவார்களா? கழிப்பறையில் போய் அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மூன்றாவது பேச்சில் வேண்டுமென்றே ஒரு எண்ணை மாற்றி எழுதினாள்.

அதன்பின் அவர் பேசிய நாளெல்லாம் தன் முறையை மற்ற நிருபர்களோடு மாற்றிக்கொண்டு அவளே எழுதினாள். பேச்சுக்கு ஒரு தப்பு, அதற்குமேல் இல்லை. அவர் ஆற அமரப் படித்து, கடைசியில் பென்சிலால் அந்த இடத்தைத் தொடுவார். அதற்குள் பாலம், ஆறு, அவர் சபைக்கு வருமுன்பே இறந்துபோன மனைவி, படித்துக்கொண்டிருந்த மகள் எல்லாம் பேச்சில் வந்துபோகும். அவர் கண்டுபிடிக்காவிட்டாலும் அச்சுக்குப் போகுமுன் அவளே திருத்திவிடுவாள், அதனால் ஆபத்தில்லை என்று நினைத்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருட்டாகிவிடுமா? பதினைந்து வருஷம் இப்படியே ஓடியது. மனசில் இருந்ததை மட்டும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. மேடம், சார், அவ்வளவுதான்.

ஐந்தாம் தேர்தலுக்கு முந்தைய கூட்டத்தொடரில், ஒருவழியாகப் பாலத்துக்குப் பணம் ஒதுக்கி வேலை தொடங்கியிருந்தது. பதினொரு தூணில் இதுவரை ஒன்றுதான் எழும்பியிருக்கிறது என்று சர்வேயர் சபையில் சண்டை போட்டார். அக்கா ஒன்றைப் பத்து ஆக்கினாள். இதைவிடச் சுலபமான தப்பு கிடையாது, பார்த்ததும் சிரிப்பார் என்று நினைத்தாள். மறுநாள் காலையில் ஒரு குழுவோடு வெளியூருக்குப் போகச் சொல்லி அவளுக்கு உத்தரவு வந்தது. அவர் எப்படியும் திருத்திவிடுவார் என்ற தைரியத்தில் போனாள். அவரோ மகளுக்குப் பிரசவ வலி எடுத்து ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தார். உதவியாளர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். அக்கா நாலு நாள் கழித்துத் திரும்பியபோது தாள் அச்சேறிவிட்டது.

தேர்தலில் எதிராளி அந்த அச்சுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாக வாசித்தார். உங்கள் எம்.எல்.ஏ. பத்துத் தூண் நிற்கிறது என்று சபையில் சொல்லியிருக்கிறார், போய் எண்ணிப் பாருங்கள் என்றார். ஜனங்கள் ஆற்றங்கரைக்குப் போய் எண்ணினார்கள். தூண் எண்ணத் தெரியாத சர்வேயர் என்று ஊரே கைகொட்டிச் சிரித்தது. சபையில் ஒலிநாடா இருந்தது. ஒரு கடிதம் எழுதிச் சபாநாயகரைக் கேட்டிருந்தால் உண்மை வெளியே வந்திருக்கும். அவர் கேட்கவில்லை. தனக்கு வாய் தவறிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று மேடையில் சொன்னதாகப் பேப்பரில் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு ஓட்டு.

அக்காவும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும். அந்த மாடி அறையையும் இந்த வேலையையும் விட்டால் அவளுக்கு என்ன இருந்தது? அடுத்த தேர்தலில் அவர் ஜெயித்து வந்தால் காலில் விழுந்தாவது சொல்லிவிடலாம் என்று ஐந்து வருஷம் காத்திருந்தாள். எண்ணிக்கை நாளன்று அறையில் ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஆறாயிரம் என்றது ரேடியோ. அதற்கப்புறம் அந்த மர நாற்காலியில் யார் வந்து உட்கார்ந்தாலும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இப்போது அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அவள் கையில். திருடி திருட்டை விடுவாளா? இரண்டாம் தேர்தலில் தொண்ணூற்றொரு ஓட்டு என்பதைப் பத்தொன்பது என்று மாற்றினாள். வேறு எதை விட்டாலும் அதை அவர் விடமாட்டார். நேரில் வருவார். வந்தால் இந்தத் தடவை சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, தாளைத் தபாலில் சேர்த்தாள். அன்றிலிருந்து நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். எதிர் மேஜைக்காரி என்ன விசேஷம் அக்கா என்று கேட்டதற்கு, துவைத்தது இதுதான் என்றாள்.

ஆறாம் நாள் அவர் வரவில்லை, தாள் வந்தது.

பிரித்தாள். தொழில் என்ற இடத்தில் அவள் போட்டிருந்த அரசியல் என்ற சொல்லை அடித்துவிட்டு, பென்சிலால் நில அளவையாளர் என்று எழுதியிருந்தார். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது. பத்தொன்பது அப்படியே இருந்தது. கீழே, படித்தேன், சரி என்று எழுதிக் கையெழுத்து. அது அவர் கையெழுத்துதான், அவளுக்குத் தெரியாததா?

தொண்ணூற்றொன்றையே மறந்துவிட்டாரா? மறதி நோயா? இல்லை, அக்கறையே விட்டுப்போய்விட்டதா? எது என்றாலும் தாங்காது. இரண்டு நாள் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். சனிக்கிழமை காலை, அண்ணியிடம் எங்கே என்று சொல்லாமல் பஸ் ஏறினாள்.

இரண்டரை மணி நேரம். பதினைந்து வருஷம் மீட்டர் மீட்டராக எழுதிய ஆற்றை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். பாலம் முடிந்திருந்தது. அவரைத் தோற்கடித்த ஆளின் பெயரில் கல்வெட்டு இருந்தது. பஸ் திரும்பும்போது ஜன்னல் வழியாகத் தூண்களை எண்ணினாள். பதினொன்று.

வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. சர்வேயர் வீடு என்றதும் பெட்டிக்கடைக்காரர் கையைக் காட்டினார். கதவைத் திறந்த மகள் அவளை ஏற இறங்கப் பார்த்து, "நிருபர் ரூம் மேடமா?" என்று கேட்டாள். அக்கா தலையை ஆட்டினாள். மகள் ஒன்றும் கேட்காமல் முன்னறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் வந்தார். மெலிந்திருந்தார், கண்ணாடி தடித்திருந்தது. மற்றபடி அவரேதான். எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அக்கா வழியெல்லாம் சேர்த்துவைத்த வார்த்தை எல்லாம் கடைசியில் சுருக்கமாகவே வந்தது.

"சார், அந்தப் பத்துத் தூண் நான் போட்டது. கைதவறி இல்ல. வேணும்னே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"பேச்சுக்கு ஒரு தப்பு. அதுவும் எண்ணுல மட்டும். நான் அளந்து சாப்பிட்டவன் மேடம், எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா சார் டேப்பைக் கேக்காம விட்டீங்க?"

"டேப்பைக் கேட்டிருந்தா என் சீட்டு தப்பிச்சிருக்கும். அந்த ரூம்ல நீங்க இருந்திருக்க மாட்டீங்க. அப்புறம் யாருக்காகப் போய் நான் பேசறது?"

அக்காவுக்குக் கண் நிறைந்து வழிந்தது. இந்தத் தடவை கழிப்பறைக்கு எழுந்து ஓடவில்லை. எட்டு வருஷம் போய்விட்டதே என்று நினைத்தாள். அதற்குமுன் போன பதினைந்தையும் நினைத்தாள். ஒரு ஆற்றின் இரு கரையிலும் நின்றுகொண்டு இப்படி அளந்துகொண்டே இருந்துவிட்டோமே என்று ஆற்றாமையாக வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பையிலிருந்து தாளை எடுத்தாள்.

"இதுலயும் ஒரு தப்பு இருக்கு சார்."

"தெரியும். பத்தொம்பது இல்ல, தொண்ணூத்தொண்ணு."

"அப்புறம் ஏன் சரின்னு எழுதினீங்க? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன்."

அவர் சட்டைப் பையில் தேடிப் பென்சிலை எடுத்தார். நுனியைப் பார்த்தார்.

"பதினஞ்சு வருஷம் திருத்தறதுக்கு நான் வந்தேன். ஒரு தடவை நீங்க வாங்களேன்னுதான் விட்டு வெச்சேன்."

பென்சிலை அவள் பக்கம் நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். மாற்றவேண்டியது இரண்டே இலக்கம், அது எந்த வரியில் இருக்கிறதென்று இரண்டு பேருக்கும் தெரியும். உள்ளே மகள் தண்ணீர் கொதிக்கவைக்கும் சத்தம் கேட்டது.

"மொதல்லேருந்து படிங்க மேடம்" என்றார் அவர்.

அவள் தாளை மடியில் விரித்து, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படிக்க ஆரம்பித்தாள்.