எட்டுக் கிலோவும் ஒரு கிலோ உப்பும்

போன வருடம் காவலர் தேர்வில் பாண்டிமுருகன் கயிற்றின் பாதியில் சுரைக்காய் போலத் தொங்கிவிட்டு இறங்கியவன். இந்த வருடத்தோடு வயது வரம்பு முடிகிறது. ஏறினால் காக்கி, இல்லாவிட்டால் கண்டரமாணிக்கத்தில் மாமாவின் உரக்கடை. தேர்வுக்கு இரண்டு மாதம் இருக்கையில் காரைக்குடி ஜிம்மில் சேர்ந்தான்.

அங்கே கைப்பிடி முளைத்த இரும்புக் குண்டுகள், கெட்டில்பெல்கள், வரிசையாக இருந்தன: எட்டு, பன்னிரண்டு, பதினாறு, இருபத்து நான்கு கிலோ. எதைத் தூக்கலாம் என்று பயிற்சியாளர் அன்னக்கிளியைக் கேட்கச் சாதாரண மனிதர்களுக்குத் தோன்றும். பாண்டிமுருகனுக்கு எண் ஜோதிடம் தெரியும். இரண்டும் நான்கும் ஆறு, ஆறு சுக்கிரன். சுக்கிரன் கைவிட மாட்டார் என்று இருபத்து நான்கை இரண்டு கையாலும் பிடித்து வீசினான். சுக்கிரன் கைவிடவில்லைதான். குண்டு முன்னே போயிற்று; பின்னாலேயே அவனும் போனான். இடுப்பு மட்டும் வர மறுத்தது.

பத்து நாள் பாயில் கிடந்துவிட்டு வந்தான்.

"வாங்க சார். இன்னைக்கு எந்தக் கிரகத்தத் தூக்கப் போறீக?" என்றாள் அன்னக்கிளி.

"நீங்களே சொல்லுங்கக்கா."

"ஒத்தக் கையில தலைக்கு மேல அஞ்சு தடவ தூக்குடா. முதுகு வளையக் கூடாது, கை நடுங்கக் கூடாது. எது மசியுதோ அதான் உன் எடை."

பன்னிரண்டு, இரண்டாம் தடவையே நடுங்கியது. எட்டு மசிந்தது. அவன் முகம்தான் மசியவில்லை.

"எட்டு சனிக்கா. எங்க வீட்டுல எட்டாந்தேதி முடிகூட வெட்ட மாட்டோம்."

அன்னக்கிளி எதிர்க்கடையில் ஒரு கிலோ உப்புப் பொட்டலம் வாங்கி வந்து துண்டால் கைப்பிடியில் கட்டினாள்.

"கல்யாணத்துக்கு நூறு ரூவா மொய் வைப்பியா?"

"நூத்தியொண்ணுல்ல வைப்போம்!"

"இதுக்கும் ஒண்ணு வச்சாச்சு. ஒம்பது யாரு?"

"செவ்வாய்... அக்கா, முருகன்!"

"தூக்கு."

மூன்று வாரம் முருகனைத் தூக்கினான். பிறகு பன்னிரண்டு, கூட்டினால் மூன்று, அது குரு, ஆட்சேபமில்லை.

தேர்வன்று நெஞ்சில் ஒட்டிய எண் 1043. கூட்டிப் பார்த்தான். எட்டு. சனி.

"சார், இதுல ஒண்ணு கூட்டிப் போட முடியுமா?"

"ஏறுறியா, அடுத்த ஆளக் கூப்பிடவா?" என்றார் காவலர்.

ஏறினான். கை அதுபாட்டுக்கு ஏறியது. கயிற்றுக்குக் கூட்டத் தெரியாது. உச்சியைத் தொட்ட பிறகுதான் சனியின் ஞாபகமே வந்தது.

மறுநாள் மிட்டாய்ப் பெட்டியோடு ஜிம்முக்கு வந்தான். அடுத்தது பதினாறு என்றாள் அன்னக்கிளி.

"எட்டுதான்க்கா என் ராசி, இப்பத்தான் தெரியுது. பதினேழு கிலோ குண்டு இருக்கா? ஒண்ணும் ஏழும் எட்டு."

அன்னக்கிளி உப்புப் பொட்டலத்தைத் தேடப் போனாள்.