காதுக்குள் பத்தொன்பது வருஷம்

கடிகாரக்காரரின் மகளை ஸ்கேன் மெஷினுக்குள் படுக்கவைத்தபோது, அவளுடைய வலது காதுக்குள்ளிருந்து அவள் அம்மா திட்டுவது கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றவர்களுக்கெல்லாம் தெளிவாகக் கேட்டது. அம்மாவோ வெளியே பெஞ்சில், மகளின் கம்மலைக் கைக்குட்டையில் முடிந்துவைத்துக்கொண்டு வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஸ்கேன் எடுக்கிற பெண் பதினாறு வருஷம் அந்த அறையில் இருந்தவள். "நோயாளி சிரித்ததால் படம் கலங்கியுள்ளது, பேச்சுச் சத்தம் உண்டு" என்று எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

கட்டி அந்த வீட்டு ரத்தத்தோடு வருவது. கடிகாரக்காரரின் தகப்பனாருக்குக் கண்ணில் வந்தது, அக்காவுக்குச் சிறுநீரகத்தில், இவருக்கு உள்காதில். கடுகளவு இருந்தபோதே படம் எடுத்துப் பார்க்க ஆளில்லை. உள்ளே ரத்தம் கசிந்து ஒரு காது போயிற்று, அடுத்த வருஷம் மற்றது. அதன்பிறகும் பழுது பார்த்த கடிகாரத்தையெல்லாம் பழக்கதோஷத்தில் காதோரம் வைத்து, ஒன்றும் கேட்காமலே தலையாட்டிக் கொடுத்துவந்தார். மனைவிக்கு அது வசதியாகப் போயிற்று. சிரித்த முகம் மாறாமல் தட்டில் சோற்றைப் போட்டபடி, "ஏங்க, உங்க அக்கா மாதிரி ஒரு ராட்சசிய நான் பாத்ததே இல்லங்க. நீங்க அதுக்கு மேல, சரியான மரமண்டை" என்பாள். அவரும் சிரித்துக்கொண்டே, இன்னும் கொஞ்சம் போடு என்று கை காட்டுவார். இப்படிப் பத்தொன்பது வருஷம். அவர் காதில் விழாத பேச்செல்லாம் எங்கேயாவது போய்ச் சேர்ந்துதானே ஆகவேண்டும்? மகள் காதில் போய்ச் சேர்ந்திருந்தது.

"தெளிவா ஒரே ஒரு படம் கிடைச்சா போதும்மா," என்றார் டாக்டர். "கட்டி எதுவரைக்கும் போயிருக்குன்னு தெரியாம கத்தி வைக்க முடியாது. இப்பவே எடுத்துட்டா காது தப்பிச்சிடும். அப்பாவுக்கு மாதிரி கசிஞ்சிடுச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல."

இரண்டாம் தடவையும் மகள் சிரித்தாள். மூன்றாம் தடவை மயக்க ஊசி போட்டார்கள். தூக்கத்திலும் தோள் குலுங்கியது. கடைசியில் ஸ்கேன் பெண்ணே பெஞ்சுக்கு வந்தாள். "அக்கா, அது உங்க குரல்தானே? நீங்களே உள்ள வந்து சொல்லிப் பாருங்களேன்."

அம்மாவுக்கு மானம் போயிற்று. ஆனாலும் கொண்டை ஊசி வரைக்கும் கழற்றிவைத்துவிட்டு உள்ளே போய், மகளின் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மெஷினுக்குள் அவளுடைய முப்பத்திரண்டு வயசுக் குரல் நாத்தனாரைப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"ஏய், போதும்டி. வாய மூடு," என்றாள்.

"என்னச் சொல்ல நீ யாருடி?"

"நான்தான்டி. புள்ள காது போயிடும்."

குரல் நின்றது. இருபத்தைந்து நிமிஷம் மூச்சுவிடவில்லை. படம் கண்ணாடி மாதிரி வந்தது. கட்டி பச்சைப்பயறு அளவு.

அறுவை முடிந்தது, காது தப்பியது. கட்டியைப் போட்டுவைத்த குப்பியை மூன்றாம் நாளே பரிசோதனைக்கூடத்துக்காரர் வீட்டுக்கே கொண்டுவந்து நீட்டினார். "பரிசோதனையெல்லாம் முடிஞ்சுதும்மா. இது பக்கத்துல வேலை பாக்க முடியல, ஒரே ஏச்சு." கடிகாரக்காரர் அதை வாங்கி, பழக்கதோஷத்தில் காதோரம் வைத்தார். கையிலிருந்த இடுக்கி கீழே விழுந்தது. "எங்கக்காவ ராட்சசின்னா சொன்ன?" என்றார்.

குப்பி நாளைக்கு ஒரு நாள் பேச்சைத்தான் விடுகிறது. அவர் வரிசை தப்பாமல் பதில் சொல்லிவருகிறார். பால் பொங்குவதுகூடத் தெரியவில்லையா என்று அது ஏசினால் வெறும் அடுப்புக்கு ஓடுகிறார். ஆறு வருஷம் ஆகிவிட்டது. மகள் வருஷா வருஷம் போய்ப் படுக்கிறாள்; "கட்டி இல்லை, பேச்சும் இல்லை" என்று எழுதித் தருகிறார்கள். மகளுக்கு இன்னொரு காதும் இருக்கிறதே என்று, அம்மா இப்போதெல்லாம் புருஷனைச் சிலேட்டில் எழுதித்தான் திட்டுகிறாள்.

பதினோராவது வருஷத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கடிகாரத்தின் மேல் குனிந்திருந்த அவர் முதுகைப் பார்த்து அவள் ஒன்று சொல்லியிருந்தாள். அந்தப் பத்தொன்பது வருஷத்தில் அது ஒன்றுதான் ஏச்சு இல்லை. குப்பி அந்த நாளுக்கு வந்துசேர இன்னும் ஏறக்குறைய ஐந்து வருஷம் இருக்கிறது. அவருக்கும் தனக்குமான ரத்தக் கொதிப்பு மாத்திரைகளை அவள் நேரம் தவறாமல் எடுத்துவைக்கிறாள்.