கழுத்து நேரான கல்லூரி

மிசிசிப்பிக் கரையில் இருந்த அந்தக் கைரோபிராக்டிக் வைத்தியக் கல்லூரிக்குள் யார் பொய் சொன்னாலும் கழுத்து இடப்பக்கம் திரும்பி அப்படியே நின்றுவிடும். உண்மையைச் சொன்னால்தான் நேராகும். மருந்தில்லாமல் கையாலேயே முதுகெலும்பை நிமிர்த்தக் கற்பவர்களும் கற்பிப்பவர்களும் எவ்வளவு முயன்றும் அந்தக் கழுத்துகள் அசைந்ததில்லை. அயோவாக் குளிருக்குப் பழகியதுபோல ஊர் இதற்கும் பழகியிருந்தது. அங்கே சீட்டாட மட்டும் யாரும் போவதில்லை.

எழுபத்தைந்தாம் வருடம் அங்கீகாரம் கொடுக்கும் ஆய்வுக் குழு வருவதாகச் செய்தி வந்தது. அங்கீகாரமில்லாத கல்லூரியில் படித்தவர்களை உரிமத் தேர்வுக்கு விடமாட்டோம் என்று மாநிலங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்த காலம். கல்லூரித் தலைவர் ஆர்வில் டிரான்மர் தந்திரம் ஒன்று கண்டுபிடித்தார்.

"கூட்டத்த எதிர்த்த ஹோட்டல்ல வெச்சுக்கலாம் வெர்னா. அங்க கழுத்து திரும்பாது."

பாடப் பொறுப்பிலிருந்த வெர்னா ஹால்டர்சனுக்குச் சுருக்கென்றது. உரிமம் இல்லாமல் இதே வைத்தியம் பார்த்ததற்காக மூன்று முறை சிறைக்குப் போனவர் அவள் அப்பா. ஒவ்வொரு முறையும் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தே நடந்துபோனவர்.

"எங்கப்பா தலை நிமிந்து ஜெயிலுக்குப் போனாரு. நாம தெருவத் தாண்டிப் போய் ஒளியறதா?" என்றவள், குழுவை நேராகக் கல்லூரிக் கூடத்துக்கே அழைத்து வந்தாள்.

குழுத் தலைவர் லைல் பாஸ்ட்ரம், மினசோட்டாக்காரர், அதிகம் பேசாதவர். மாணவர்கள் எல்லாரும் போதுமான நோயாளிகளைப் பார்த்த பிறகே பட்டம் வாங்குகிறார்கள் என்று டிரான்மர் சொல்லி முடிப்பதற்குள் டிரான்மரின் கழுத்தே இடப்பக்க ஜன்னலைப் பார்த்துத் திரும்பிவிட்டது.

"வெளிய என்ன சார் தெரியுது?" என்றார் பாஸ்ட்ரம்.

வெர்னா எழுந்தாள். எக்ஸ்ரே பாடத்துக்கு முழுநேர ஆசிரியர் இல்லை, பாதிப் பேர் போதுமான நோயாளிகளைத் தொடாமலே பட்டம் வாங்குகிறார்கள், நூலகப் புத்தகங்கள் பழசு என்று அடுக்கினாள். தலை நேராகவே இருந்தது. கடைசியில் டிரான்மரும், "அவ சொல்றதுதான் நெஜம்" என்று முனகினார். கழுத்து சொடக்கென்று நேரானது.

அங்கீகாரம் கிடைக்கவில்லை. இரண்டு வருடம் அவகாசம் கிடைத்தது. சில மாணவர்கள் வேறு கல்லூரிக்குப் போனார்கள். டிரான்மர் பதவியை விட்டுப் போகவில்லை, குறை கேட்டுவரத் தானே வகுப்பு வகுப்பாக ஏறி இறங்கினார். மாணவர்களுக்குப் போதுமான நோயாளிகள் கிடைக்க, ஆற்றங்கரை ஆலையில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு இலவசச் சிகிச்சைக்கூடம் திறந்தார்கள். தேறாதவர்களை வெர்னா தேறாதவர்கள் என்றே சொன்னாள்; அதில் டிரான்மரின் மருமகனும் இருந்தான். பாஸ்ட்ரம் குழு மறுபடி வந்தபோது கேட்டதற்கெல்லாம் பதில் இருந்தது. அங்கீகாரம் வந்தது.

அந்த வருடப் பட்டமளிப்பில் கூடம் நிறைந்திருந்தது. வெர்னா மேடையேறி, "இங்க உக்காந்திருக்கிற ஒவ்வொருத்தர் கையிலயும் என் கழுத்தத் தைரியமாக் குடுப்பேன்" என்றாள்.

பெற்றோர் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் கழுத்தைப் பார்த்தார்கள். அது அசையவில்லை. பின்வரிசையில் ஒரு சோள விவசாயி, "சரிதான்" என்று தொப்பியைப் போட்டுக்கொண்டார். எல்லாரும் பன்றி வறுவல் சாப்பிடப் புல்வெளிக்குப் போனார்கள்.